பொறோ

சனிக்கிழமை பின்னேரம்
என்.சி. வீதியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
பதினொரு பேர், ஒரு மின்விசிறி.
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய றிபாயா மிஸ்
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து
வெண்பலகையில் இரண்டு அம்புக்குறி போடுகிறாள்.
உள்ளே வருகிற அம்பு பொறோ,
வெளியே போகிற அம்பு லென்ட்.
"வாங்கினா பொறோ, குடுத்தா லென்ட்.
மாறிப் போட்டா மாக்ஸ் இல்ல."

பொறோ எனக்கு உடனே பிடிபட்டது.
பொறு என்பது போலவே கேட்கிற சொல்.
வியாழக்கிழமைகளில்
ஹெல்மெட்டைக் கழற்றாமல் படலையில் வந்து நிற்கிற
கடன் கொம்பனிப் பெடியனிடம்
நாலு வருசமாய் நான் சொல்லிவருகிற சொல்.
பொறு தம்பி,
இன்னும் ஒரு கிழமை பொறு.

லென்ட்தான் நிற்கவில்லை.
பயிற்சிக் கொப்பியில்
"நான் என் சிநேகிதிக்கு" என்று தொடங்கி
வெறும் கோடாய் முடிகிற வசனத்தின் மேல்
பேனையை வைத்துக்கொண்டு யோசித்தேன்.
எந்தச் சிநேகிதிக்கு?
எதை?
விடை தெரியாதென்று மிஸ் நினைத்திருப்பாள்.

உப்புவெளியில் எட்டு அறை விடுதி.
ஆறு வருசம் அறை கூட்டினேன்.
இங்கிலீஷ் வந்தால் முன்மேசை என்றார் முதலாளி.
முன்மேசைக்கு மாதம் ஒன்பதாயிரம் கூட.
வருமுன்னே ஒருநாள் இருத்திப் பார்த்தார்கள்.
அன்று வேலை முடிந்து, மரியாதைக்கு,
போயிட்டு வாறன் என்று வாயில் வந்ததில்
பாதியைத்தான் மொழிபெயர்க்க முடிந்தது.
"ஐ கம்" என்று ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டு
சைக்கிளை உழக்கிச் சாம்பல்தீவுக்குப் போய்விட்டேன்.
அந்த மனுசி முக்கால் மணித்தியாலம்
கதிரையில் இருந்தாவாம்
நான் வருவேன் என்று.

என்ன செய்ய,
போறன் என்று சொல்லிக்கொண்டு போக
எங்களுக்கு வாய் வராது.
வாறன் என்று போன இரண்டு பேருக்காக
எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில்
இன்னும் விடியும்வரை வெளி லைற் எரிகிறது.
அதற்கு எந்தப் பக்கத்து அம்பு என்று
நான் மிஸ்ஸைக் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை.
ஐந்தாம் அறை ஜேர்மன்காரன்
வெயிலில் இறால் மாதிரிச் சிவந்து
மேசைக்கு முன்னால் வந்து நின்று,
என் லுமாலாவைக் காட்டி,
"கேன் யூ பொறோ மீ யுவர் பைசிக்கிள்?"

காது நின்றுவிட்டது.
அம்பு தலைகீழ்!
இவ்வளவு பெரிய வெள்ளைக்காரன்,
மாக்ஸ் இல்லை.
திருத்தவா, பேசாமல் இருக்கவா.
திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.
"யெஸ். ஐ லென்ட்."
என் வாழ்க்கையின் முதல் லென்ட்.
கொஞ்சம் சத்தமாய் வந்துவிட்டது.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தான்.
அவன் பாசையில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.
எங்களுக்கும் அப்படித்தான், இரவல்,
வாங்கினாலும் இரவல், குடுத்தாலும் இரவல்
என்று சொல்ல ஆசை.
அதற்குரிய இங்கிலீஷ் அன்றைக்கு என்னிடம் இல்லை.

பின்னேரம் சங்கிலியெல்லாம் மண்ணோடு
சைக்கிள் திரும்பி வந்தது.
பஸ் ஸ்ராண்டில் நிறுத்தினானாம்.
கூடையில் வைத்த பாணை மான் தின்றுவிட்டதாம்.
மான் பொறோ பண்ணிற்று என்றான்.
அது சரியான வினை இல்லை,
எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை.
படலையில் ஹெல்மெட்.
கொண்டுவந்த பேனை எழுதவில்லை அவனுக்கு,
உதறினான், ஊதினான்,
துண்டின் மூலையில் வட்டம் வட்டமாய்க் கிறுக்கினான்.
"அக்கா, ஒரு பேனை தாங்கோவன்."
உள்ளே போய், வகுப்புக்கு வைத்திருக்கிற
நீலப் பேனையை எடுத்துவந்து நீட்டினேன்.
"லென்ட்" என்றேன்.
"என்னக்கா?"
"ஒண்டுமில்ல, எழுது."

எழுதினான். தவணை, பாக்கி, வட்டி, திகதி.
துண்டைக் கிழித்துத் தந்து
பேனையைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
மோட்டார் சைக்கிளை உதைத்தான்.
"வாறன் அக்கா."

வருவான்.
இவன் மட்டும் தவறாமல் வருவான்.